இரண்டு விரல் அழுத்தம்

ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு, நெஞ்சை அமுக்கி மூச்சு ஊதும் சிபிஆர் முதலுதவியைக் கற்றுக்கொடுப்பவர் டெய்சி சிஸ்டர். அவரிடம் படித்தவர்களில் காசிராஜன், சிஸ்டரைவிடவே வயதில் மூத்தவர். முன்பு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். ஒவ்வொரு கையும் முறம் மாதிரி இருக்கும்.

அந்தக் கையால் ஒருமுறை, பஸ் ஸ்டாண்டில் மூச்சுப்பேச்சில்லாமல் கிடந்த பெரியவரின் நெஞ்சை அமுக்கிப் பிழைக்கவைத்தார். விலா எலும்பு முறிந்துவிட்டது. கண் திறந்த பெரியவர், "படுபாவி, எலும்பை ஒடிச்சிட்டானே!" என்று திட்டினார். கூட இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். காசிராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. சூடு கண்ட பூனை ஆகிவிட்டார்.

போன வாரம், தவழத் தொடங்கிய ஒரு குழந்தை துணி ஊறவைத்த வாளிக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டது. ஆம்புலன்ஸில் காசிராஜன்தான் போனார். குழந்தை பிழைக்கவில்லை.

இன்று வகுப்பு கலைந்தபின் அவர் மட்டும் நின்றார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். பெரியவங்களுக்கு ரெண்டு உள்ளங்கை, கைப்பிள்ளைக்கு ரெண்டு விரல். வாயையும் மூக்கையும் சேத்து மூடித்தான் ஊதினேன். பெறகும் ஏன் போச்சு?"

சிஸ்டர் பயிற்சிக் குழந்தைப் பொம்மையை எடுத்து மேஜைமேல் கிடத்தினார். நெஞ்சு போதுமான அளவு இறங்கினால் அது 'டிக்' என்று சத்தம் கொடுக்கும்.

"அமுக்குங்க."

காசிராஜன் அமுக்கினார். சத்தம் வரவில்லை.

"அன்னைக்கும் இப்படித்தானா?"

"பச்சப்புள்ள சிஸ்டர். ஒடிஞ்சிருமே."

சிஸ்டர் அவர் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். பொம்மையின் நெஞ்சு மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனது. டிக்.

"இவ்வளவு ஆழமா?"

"இவ்வளவு."

காசிராஜனின் முகம் செத்துப்போனது. "அப்ப நாந்தான் கொன்னுட்டேன்."

"தெரியாதுண்ணே."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிஸ்டர் சொல்லவில்லை. கேட்கிறவருக்கு அந்தப் பதில் கொடுமைதான்.

"இனி வண்டி மட்டும் ஓட்டிக்கிறேன் சிஸ்டர். எந்தப் பிள்ளையையும் தொடமாட்டேன்."

சிஸ்டர் பொம்மையின் சட்டையைச் சரிசெய்தார். வாசல்வரை போன காசிராஜன் திரும்பி வந்தார்.

"நீங்க சரியா அமுக்குன பிள்ளைங்க பிழைச்சுதா?"

"ஒண்ணு பிழைச்சுது."

"மத்ததெல்லாம்?"

"மத்ததையும் சரியாத்தாண்ணே அமுக்குனேன்."