தீவில் இறங்காதவர்கள்

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? அதை மட்டும் சொல்லுங்க."

செருப்பைக் கூடக் கழற்றாமல் கேட்டார் மதிவாணன்.

கொல்லிமலையில் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார் செங்கமலம் அம்மா. வயதில் மதிவாணனைவிடப் பத்துப் பதினைந்து சின்னவர். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படியும் தங்கள் சிக்கலுக்கு வழி கேட்க ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"முதல்ல செருப்பைக் கழட்டுங்க" என்றார் அம்மா.

கழற்றினார்.

மதிவாணன் கோயம்புத்தூரில் வீடியோ கேம் கம்பெனி நடத்துகிறவர். 'நீர்வழி' என்று ஒரு கேம் செய்தார். எங்கெங்கோ இருக்கிறவர்கள் இணையத்தில் சேர்ந்து ஆடுவது. தீவு தீவாகப் போய்ப் புதையல் தேட வேண்டும். ஜனங்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

பிறகு 'நீர்வழி இரண்டு' வந்தது. வந்த வாரமே காறித் துப்பினார்கள்.

"ஒவ்வொரு தீவும் முன்ன இருந்ததைவிட அவ்வளவு பெருசும்மா. மரத்துல இலை தனித்தனியா அசையும். முதல் ஆட்டத்துல என்னென்ன குறை சொன்னாங்களோ, ஒண்ணு விடாம சரி பண்ணிட்டேன். கேட்டதைத்தானே குடுத்தேன்? 'உயிரே இல்ல'ங்கறான். அப்படின்னா என்ன அர்த்தம்? சொல்றவனுக்காவது தெரியுமா?"

"அதனால?"

"பழசை இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மூடறேன். சர்வரையே அணைக்கச் சொல்லிட்டேன். பழசு இருந்தாத்தானே புதுசை அதோட ஒப்பிடுவான்? கம்பெனியை நம்பி எத்தனை குடும்பம் இருக்கு தெரியுமா? புதுசு ஓடலைன்னா எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்."

"அப்ப முடிவு பண்ணிட்டீங்க."

"பண்ணிட்டேன்."

"அப்புறம் எதுக்கு மூச்சு வாங்க மலையேறி வந்தீங்க?"

மதிவாணன் தோள் பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அம்மா முருங்கைக் கீரையை முறத்தில் போட்டு உருவ ஆரம்பித்தார். "பழசைக் கடைசியா எப்ப ஆடினீங்க?"

"நான் எதுக்கும்மா ஆடணும்? நான்தானே அதைச் செஞ்சேன்."

"சமைச்சவங்க சாப்பிடக் கூடாதா? கம்ப்யூட்டரைத் திறங்க. ஒரு தடவை உள்ளே போய்ட்டு வாங்க. முதலாளின்னு சொல்லிக்காதீங்க."

"இந்த மலையில நெட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்கும்மா."

"கிடக்கட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தார். ஏதோ ஒரு பெயரைக் கொடுத்து உள்ளே போனார். ஒரு படகு வந்து நின்றது. அதில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். தலைக்கு மேல் பெயர் தெரிந்தது. ஓட்டைவாளி, சுண்டெலி, மிளகாய். ஆட வருகிறவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளும் பெயர்கள் அப்படித்தான் இருக்கும்.

"இது சும்மா ஒரு படகும்மா" என்று விளக்கினார் மதிவாணன். "தீவு லோடு ஆக நேரம் பிடிக்கும். அதுவரைக்கும் வெறும் திரையைக் காட்டினா திட்டுவாங்க. அதை மறைக்கத்தான் ஒரு படகை வெச்சு ஓட்டினோம். நாலு பேர் ஏறலாம். அதுல யார் நெட்டு மோசமோ, அவங்களுக்காகப் படகு மெதுவாப் போகும். அப்பத்தான் எல்லாரும் ஒண்ணா இறங்க முடியும். இந்தப் படகுக்குத்தான் அதிகமா வாங்கிக் கட்டிக்கிட்டேன். புதுசுல படகே கிடையாது. தொட்டா தீவு!"

சொல்லும்போது அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மா கீரையை உருவிக்கொண்டிருந்தார்.

படகு கிளம்பியது. கிளம்பியது என்று சொல்வதே அதிகம். இருந்த இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து வந்தது.

"யாருப்பா இது புது ஆளு? படகு நகரவே மாட்டேங்குது!" என்று எழுதினார் ஓட்டைவாளி.

மதிவாணனுக்கு வெட்கமாகிவிட்டது. "மன்னிக்கணும். என் நெட்டு ரொம்ப மோசம்" என்று எழுதினார்.

"மன்னிப்பா? மகராசனா இருங்க!" என்று எழுதினார் ஓட்டைவாளி.

"எந்தக் காட்டுல இருந்து வந்தீங்களோ, உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்று எழுதினார் சுண்டெலி. "எங்க நெட்டெல்லாம் இப்ப வேகமாயிடுச்சு. சனியன், பேச ஆரம்பிக்கறதுக்குள்ள கரை வந்துடுது."

கேலி செய்கிறார்களோ என்று மதிவாணன் மறுபடி படித்தார். கேலி மாதிரித் தெரியவில்லை.

"தீவுக்குச் சீக்கிரம் போக வேண்டாமா?" என்று எழுதினார்.

"தீவா? நான் இறங்கி ரெண்டு வருஷம் இருக்குமே" என்றார் ஓட்டைவாளி.

"நான் இறங்கினதே இல்ல" என்றார் மிளகாய்.

மதிவாணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"புதையல்?"

"அது பாட்டுக்கு அங்க கிடக்கு."

"அப்ப கரை வந்ததும் என்ன செய்வீங்க?"

"திரும்பிப் போற படகுல ஏறிக்குவோம்."

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "இறங்கினதே இல்லையாம்மா! ஒவ்வொரு மரமா, ஒவ்வொரு பாறையா உக்காந்து வரைஞ்சேன். ராத்தூக்கம் இல்லாம வரைஞ்சேன். இறங்கினதே இல்லையாம்!"

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அவங்களைக் கேளுங்க."

அவர் திரைப் பக்கம் திரும்பி எழுதினார். "ரெண்டாவது ஆட்டம் வந்திருக்கே. அங்க போகலியா?"

"போனோமே" என்றார் சுண்டெலி. "பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தீவு. ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டோம். மிளகாய் அக்காவைத் தேடிக் கண்டுபிடிக்கறதுக்கே உயிர் போச்சு. திரும்பி வந்துட்டோம்."

"இது மூடிட்டா? போன் நம்பராவது வாங்கி வெச்சுக்கிட்டீங்களா?"



"நீங்க புதுசு, அதான் தெரியல" என்றார் ஓட்டைவாளி. "படகுல பேரு, ஊரு, நம்பர் எதுவும் கேக்கக் கூடாதுங்க. நாங்களா வெச்சுக்கிட்ட வழக்கம்."

"ஏன்?"

இதற்கு மிளகாய் எழுதினார்.

"பேரு தெரிஞ்சவங்க எனக்கு வீடு நிறைய இருக்காங்க. நாளைக்குக் காலையில எனக்கு இதய ஆபரேஷன். பயமே இல்லைன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கேன். புள்ளைங்க முகத்தைப் பாத்து வேற என்னத்தைச் சொல்றது? பயமா இருக்குன்னு இங்கதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."



"ஆறு மணிக்கு அணைக்கறாங்களாம் அக்கா. அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. புது ஆள் புண்ணியத்துல இன்னிக்குப் படகு நிதானமாப் போகுது" என்றார் சுண்டெலி.

"எதுல விட்டேன்?"

"மயக்க ஊசி."

"ஆங். ஊசி போட்டதும் ஒண்ணு ரெண்டு எண்ணச் சொல்லுவாங்களாம். எண்ணிக்கிட்டே இருக்கறப்ப நினைவு போயிடுமாம். அந்த நேரத்துல யாரை நினைச்சுக்கறதுன்னுதான் எனக்கு..."

போன் அடித்தது. கோயம்புத்தூரில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பரணி.

"சார், மணி ஆறாயிடுச்சு. பட்டன்மேல கை வெச்சுட்டேன். அணைச்சுடட்டுமா?"

மதிவாணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"சார்? கேக்குதா? அணைக்கறேன் சார்."

"டேய், கையை எடுடா!" என்று அலறினார் மதிவாணன். "படகுல ஆள் இருக்கு!"