மூன்றாவது எண்

ஞானிகள் மலையுச்சியில் வசிப்பார்கள் என்று பொதுவாக நம்பப்படுகிறது. இது கடுமையான பிழை; உடனே திருத்தப்பட வேண்டியது. மலையுச்சியில் தண்ணீர் கிடையாது, தபாலும் ஒழுங்காக வராது. உலைப்பாளையத்தின் ஞானி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வசித்தார். பெயர் பூங்கோதை. வயது நாற்பத்து நான்கு. துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து, ஒரு நாள், 'போதும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்.

அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபத்தொரு வயது. இதில் பிழை ஒன்றும் இல்லை.

தெய்வசிகாமணி கிணற்றுப் பம்பு செய்கிறவர். நாற்பது பேர் வேலை பார்த்த அவருடைய ஆலையில் இப்போது ஒன்பது பேர். அறுபது ஆலைகள் இருந்த ஊரில் இப்போது இருபத்திரண்டு. வெளிநாட்டோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகிப் பன்னிரண்டாவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் மாடிப்படி ஏறி வந்தார். சட்டைப்பை கிழிந்து தொங்கியது.

"யாருங்க கிழிச்சது?" என்றார் குரு.

"தரக் கட்சிக்காரர், அம்மா."

பம்பு உற்பத்தியாளர் சங்கத்தில் மாதம் ஒரு விவாதம் நடக்கும். ஊர் நொடித்ததற்கு ஒப்பந்தமே காரணம் என்பது ஒரு கட்சி. நம் பம்பின் தரமே காரணம் என்பது மறு கட்சி. தெய்வசிகாமணி ஒப்பந்தக் கட்சியின் முதல் பேச்சாளர்.

"வெள்ளிக்கிழமை லேத் மூணையும் பழைய இரும்புக்குப் போடறேன். ஒம்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பறேன். அதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த ஊரைக் கொன்னது ஒப்பந்தமா, நாமளா?"

பூங்கோதை எழுந்து கீழே போனார்.

குரு மௌனமாக எழுந்து போனால் அதில் ஏதோ இருக்கும் என்று சீடருக்குத் தெரியும். கண்களை மூடிக்கொண்டார். அரை மணி கழித்து அது மடியில் வந்து விழுந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஜெராக்ஸ். இன்னும் சூடாக இருந்தது.

"என்னங்கம்மா இது?"

"ஒப்பந்தம். வாசிச்சிருக்கீங்களா?"

"பதினோரு வருசமா இதைப் பத்திப் பேசறேனுங்க."

"நான் அதைக் கேக்கல."

பகல் முழுவதும் வாசித்தார். நாலாவது டீயின்போது, நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் விரல் நின்றது. இறக்குமதி பெருகி உள்நாட்டுத் தொழில் நொடித்தால் வரியைத் திரும்ப விதிக்கலாம். அதற்கு, அந்தப் பொருளில் பாதிக்கு மேல் செய்கிறவர்கள் சேர்ந்து, தாங்கள் செய்த எண்ணிக்கையை உள்ளபடி எழுதி, ஒரே தாளில் கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டு முடிவதற்குள்.

"இன்னும் இருபத்து மூணு நாள் இருக்கு," என்றார் குரு.

"இத்தனை வருசம் ஏன் ஒருத்தர்கூட..."

"போன வருசம் எத்தனை பம்பு செஞ்சீங்க?"

"ஆறாயிரம்."

"அது சங்கத்துக்குச் சொல்றது."

"எழுநூறுங்க."

"அது வரி ஆபீசுக்கு."

உலைப்பாளையத்தில் ஒவ்வொரு ஆலைக்கும் மூன்று எண்கள். ஊருக்குச் சொல்வது பெரியது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் அதைத்தான் விசாரிப்பார்கள். அரசாங்கத்துக்குச் சொல்வது சிறியது. மூன்றாவதை மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

தெய்வசிகாமணி எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது."

"எழுதிக் கையெழுத்துப் போட்டு, சங்கப் பலகையில ஒட்டுங்க."

"மானம் போயிருமுங்க!"

"லேத்தே போகுது. அதுவும் கூடப் போகட்டும்."

மறுநாள் காலை ஒட்டினார். பத்து மணிக்கு அவருடைய ஆலைக்குள் சென்னியப்பன் வந்தார். ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே தெருவில் பம்பு செய்கிறவர், முப்பது வருடப் போட்டியாளர்.

"ஏண்டா சிகாமணி, பலகையில ஒட்டியிருக்கறது உன்ர கருமாதிப் பத்திரிகையா?"

"படிச்சியா?"

"படிச்சேன். ஒரு சைபரை விட்டுட்டே."

"விடல."

சென்னியப்பன் கவிழ்த்துப் போட்டிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"நீ ஆறாயிரம் ஓட்டறேன்னு நெனச்சு நாலு தடவை விலையை எறக்கினேண்டா. நட்டத்துக்கு வித்தேன்."

"நீ எட்டாயிரம்னு சொன்னே. அதை நம்பித்தான் நானும் எறக்கினேன்."

"அப்ப வெளிநாட்டுக்காரன் எறக்கினது?"

"அவனும்தான் எறக்கினான். நாம அவனுக்காகக் காத்திருக்கல."

"எட்டாயிரம்னு நான் எப்படா சொன்னேன்?"

"உன்ர மக கல்யாணத்துல. மைக்குல."

சென்னியப்பன் சிரித்துவிட்டார். பிறகு தரையில் கிடந்த சாக்பீசை எடுத்து, பெட்டியின் பக்கப் பலகையில் 950 என்று எழுதினார். உடனே செருப்பால் அழிக்கப் போனார்.

"அழிக்காதே. வரியைத் திரும்பப் போடச் சொல்ற விண்ணப்பம் இது, இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடு."

"சம்பந்தி வீட்டுல பாத்தா?"

"அவரும் இதே ஊருதானே? அவர் சொன்ன எண்ணை மட்டும் நீ நம்பினியா?"

சென்னியப்பன் பேனா கேட்டார்.

அவர் போனதும் தெய்வசிகாமணி இரும்புக்கடைக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றார். பிறகு தாளை மடித்து எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இன்னும் இருபது ஆலைகள். ஒருவர் ஊரில் இல்லை என்று உள்ளே இருந்தபடியே சொல்லியனுப்பினார். மறுநாள் விடியற்காலையில் தெய்வசிகாமணி அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார்; அடுத்த முறை பிஸ்கட்டோடு போனார். ஒருவர் மூன்று தடவை மூன்று எண்களைச் சொன்னார். நாலாவது தடவையும் போனார். தரக் கட்சித் தலைவர் தன் எண்ணை எழுதிவிட்டு, சட்டைக்காக மன்னிப்புக் கேட்டார். கிட்டத்தட்ட எல்லோருமே கையெழுத்துப் போடுமுன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

இருபத்திரண்டாம் நாள், இருபத்திரண்டு கையெழுத்துகளோடு அவர் மாடிப்படி ஏறினார். பூங்கோதை ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, துறைமுகத்தில் சரக்குப் பட்டியல் பார்ப்பதுபோல் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

"சரியா இருக்குங்க."

"வரி திரும்ப வந்தா ஊர் பொழச்சுக்குமா, அம்மா?"

"தெரியாது."

"அன்னைக்கு நான் கேட்டதுக்கும் நீங்க பதில் சொல்லல. கொன்னது ஒப்பந்தமா, நாமளா?"

பூங்கோதை விண்ணப்பத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அதுக்கு இதுல கட்டம் இல்லீங்க," என்றார்.

விண்ணப்பம் அன்று மூன்று மணித் தபாலில் போனது. மறுநாள் சென்னியப்பன் பம்பு விலையை ஏற்றினார். ஏற்றுவதற்கு முன் தெய்வசிகாமணிக்குப் போன் செய்தார்.