சுண்டல் அழாத நாள்

ஆற்றோரத்து மடத்தில் இருந்ததே இரண்டு பேர்தான். குரு சிவகாமியம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு. ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். அவர் குருவை "அம்மா" என்பார், குரு அவரை "அண்ணே" என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு ஒன்றுமில்லை.

ஒரு நாள் குரு சொன்னார்: "மலை மேல இருக்கிற மடத்துக்கு ஆள் இல்லையாம். ரெண்டு மாசம் நான் போய் இருக்கணும். இதை நீங்க பாத்துக்குங்க."

மாசிலாமணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க இல்லாம ஒரு நாள்கூட இருக்க மாட்டேம்மா. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்னுதான் கிளம்பினா. வரல. தனியா எப்படி இருக்கிறதுன்னு நீங்களாவது சொல்லிக் குடுங்க."

மறுநாள் குரு முந்தானையில் சுற்றி ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் விட்டார்.

"இது தனியா இருக்கப் பழகணும். பழக்கிக் குடுங்க. மத்ததை அப்புறம் பேசலாம்."

மாசிலாமணிக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இந்த வாண்டு எந்தக் காலத்தில் பழகுவது, குரு எந்தக் காலத்தில் கிளம்புவது! கடலை நிறத்தில் இருந்ததால் சுண்டல் என்று பேர் வைத்தார்.

சுண்டல் லேசுப்பட்டதில்லை. அறைக்கதவைச் சாத்தினால் போதும், ஊரைக் கூட்டிவிடும். மனுஷரும் சும்மா போக மாட்டார். "என் தங்கமே, போயிட்டு வரட்டுமாடா" என்று கால் மணி நேரம் கொஞ்சிவிட்டு, கதவுக்குப் பின்னாலேயே நின்று மூக்கை உறிஞ்சுவார்.

மூன்றாம் நாள் குரு வந்து பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"தனியா விட்டுப் பழக்கறேம்மா."

"எங்க விட்டீங்க? உங்க வாசனைதான் கதவிடுக்கு வழியா உள்ள போகுதே."

"அழுவுதும்மா, பாவம்."

"நீங்க போறது அதுக்குத் தெரியும். வர்றது இன்னும் தெரியாது. கொஞ்சாமப் போங்க. அது அழறதுக்கு முன்னாடி வந்துடுங்க."

முதலில் கிணற்றடி வரை போய் வந்தார். பிறகு புளியமரம் வரை. அப்புறம் ஆற்றில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். ஒவ்வொரு தடவையும், "அழலியே! என் ராஜா!" என்று ஓடிவந்து தூக்கிக்கொள்வார். அந்த நாட்களில் சில பொழுது குருவின் செருப்பு படியில் இருக்காது. அதைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

பதினெட்டாம் நாள் கஞ்சியும் தண்ணீரும் வைத்துவிட்டுக் காலையிலேயே சந்தைக்குப் போனார். பாழாய்ப்போன பஸ், பொழுது சாய்ந்துதான் வந்தது. படபடப்போடு கதவைத் திறந்தார். அவருடைய பழைய துண்டின் மேல் சுண்டல் மல்லாந்து கிடந்தது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, வாலை இரண்டு தட்டுத் தட்டியது, மறுபடி தூங்கிவிட்டது. மாசிலாமணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை குரு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா! நேத்துப் பகல் பூரா சுண்டல் அழலம்மா!"

"பலே அண்ணே!"

சொன்ன பிறகுதான் மாசிலாமணிக்கு உறைத்தது.

"ஆனா நீங்க போகக் கூடாது. அது பழகிடுச்சு, நான் பழகல. நீங்க இந்தப் படியைத் தாண்டினா எனக்குத் தாங்காது."

குரு சொம்பைக் கீழே வைத்தார்.

"போன வாரம் ரெண்டு தடவை அரை நாள் மலைக்குப் போயிட்டு வந்தேன். நேத்து விடியறதுக்கு முன்னாடியே போயிட்டேன். இப்பத்தான் இறங்கி வர்றேன்."

"ராத்திரி உங்க கதவு சாத்தியிருந்துச்சே! தியானத்துல இருக்கீங்கன்னுல்ல நினைச்சேன்."

குரு சிரித்தார். மாசிலாமணி அவர் காலைப் பார்த்தார். பாதி கழுவிய பாதத்தில் மலைச் செம்மண் ஒட்டியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களேம்மா" என்றார்.

"வந்துட்டேனே, அண்ணே."