மெஷினுக்குப் போர்த்திய கம்பளி

கொடைக்கானலில் பொறியாளர் தாண்டவமூர்த்தி, வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் வாங்கினார். வெளியே நிற்கும் அதன் பெட்டி குளிரில் கெட்டுவிடும் என்று கம்பளியும் போர்த்தினார். கரண்டு பில் எகிறியது.

பழி, வாசலில் நடுங்கிய காவலாளி சூசை மேல் விழுந்தது. "நீ கதவைத் திறந்து போடுறதாலதான்! அடுத்த பில் பாதியாகணும், வீடும் குளிரக் கூடாது. இல்லேன்னா வேலை கிடையாது."

"சரிங்கய்யா. அந்தக் கம்பளியை எனக்குக் குடுங்க."

"குளிர் விட்டுப்போச்சாடா உனக்கு?"

"அந்தக் கம்பளியால மூக்கை மூடிக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்கய்யா. வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத்தானே மெஷின் உள்ளே அனுப்புது? பாவம், மூச்சு முட்டுது."

பொறியாளர் கம்பளியை அவிழ்த்துக் கொடுத்தார்.

அடுத்த பில் பாதியாக வந்தது. "நல்லவேளை நீ சொன்னேப்பா" என்று அவரே டீ கொண்டுவந்து நீட்டினார்.

கம்பளிக்குள்ளிருந்து சூசை கும்பிட்டான். "உங்க புண்ணியத்துல இப்பத்தான்யா குளிர் விட்டுச்சு!"