வழுக்காத கை கேட்ட தரகன்

ஒரே ஒரு ஊர்ல, எந்த ஊருன்னு கேக்காதீங்க, கேட்டா நான் முழிப்பேன், அந்த ஊர்ல செங்கச் சூளைக்கு மண்ணு வெட்டி வெட்டிப் பள்ளமாகி, அந்தப் பள்ளத்துல மழத்தண்ணி நின்னு ஒரு குட்டை இருந்துச்சாம். குட்டைன்னா தவள இருக்கணும்ல? இருந்துச்சு. வடிவுன்னு ஒரு தவள, அவ பொண்ணு பவளாயி, அப்புறம் வடிவோட நாத்தனா ஒருத்தி. அவளுக்குப் பெத்தவங்க வெச்ச பேரு என்னமோ, குட்டையே கூப்பிட்டது பிசினாயின்னு. ஏன்னா அவ மேலெல்லாம் கொழகொழன்னு இருக்கும், தொட்டா ஒட்டும், புடிச்சா நழுவும். எல்லாத் தவளைக்கும் அந்தப் பிசினு உண்டுதான், இவளுக்குக் கூடுதல். தேச்சுக் குளிடீன்னா, "நான் தண்ணிக்குள்ளதானடி கெடக்கேன், இன்னும் என்னத்தக் குளிக்க?"ம்பா. சிரிக்காதே, நீயும் அந்த ரகந்தான்.

அதே குட்டையில ஒரு தண்ணிப்பாம்பும் இருந்தான், சுருளாண்டின்னு பேரு. அவன்தான் தவளைங்களுக்குக் கல்யாணத் தரகர். ஆமாடா, பாம்புதான் தரகர்! வாயப் பொளக்காதே, ஈ போயிரும். அவன்தானே குளம் குளமா, வாய்க்கா வாய்க்காலா நெளிஞ்சு போயி, எங்க மாப்பிள்ளை இருக்கு, எங்க பொண்ணு இருக்குன்னு பாத்துட்டு வர முடியும்? தவளைங்களுக்கு அவன் மேல ஒரு பயமும் கெடையாது. "இத்தன வருஷமா பக்கத்துலயே இருக்காரு, ஒருத்தரையும் தொட்டதில்ல, தங்கமான குணம்"பாங்க.

குணமாவது மண்ணாவது. நடந்த சங்கதி என்னான்னா, அவன் எளவட்டத்துல ஒரு தவளையக் கவ்வத்தான் செஞ்சான். கவ்வுனதும் அந்தப் பிசினு நாக்குல பட்டுச்சு, வாயி தன்னால ஆன்னு பொளந்துக்கிச்சு, மூட வரல, தவள இறங்கிப் போயிருச்சு. பாத்தவங்க கேட்டதுக்கு, "கொட்டாவிம்மா, சரியாத் தூங்கல, தவள தானா வந்து உள்ள விழுந்துச்சு"ன்னுட்டான். அன்னைலேருந்து திங்க முடியாததுனால நல்லவனாயிட்டான். இந்த மாதிரி நல்லவங்க நம்ம தெருவுலயும் இருக்காங்க, பேரு சொல்ல மாட்டேன்.

அந்தப் பிசினு சும்மா அழுக்கில்ல, கேட்டுக்க. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பொடி ஆளுங்க கோடி கோடியா இருக்காங்க. படிப்பு கெடையாது, என்ன மாதிரியே. பெரிய சிப்பாய்ங்க ரத்தத்துக்குள்ள இருப்பாங்க, அவங்க எதிரி மூஞ்சியப் பாத்து, அடையாளம் புடிச்சு, ஆயுதம் தீட்டிக் கிளம்பி வரதுக்குள்ள பாதி ஊரு போயிரும். இந்தப் பொடிப்பயலுவ அப்படியில்ல. நீ யாரு, எந்த ஊரு, உங்கப்பன் பேரென்னன்னு ஒரு கேள்வி கெடையாது. சேத்துலேருந்து ஒரு கிருமி வந்து தோலத் தொட்டுச்சா, ஓடிப்போயி அது மேல ஒட்டிக்குவாங்க, ஒட்டிக்கிட்டுப் பொத்தல் போடுவாங்க, அதோட வயித்துல உள்ளதெல்லாம் ஒழுகிப் போயிரும். அப்புறம், "அண்ணே, இங்க ஆள் வந்திருக்கு"ன்னு பெரிய சிப்பாய்க்கும் கொரல் குடுப்பாங்க. சொந்த ஒடம்பு மேல மட்டும் அவ்வளவா ஒட்ட மாட்டாங்க. எப்படிக் கண்டுபுடிக்கிறாங்கன்னா, கிருமியோட தோலு வாகு வேற, நம்ம தோலு வாகு வேற, அவ்வளவுதான். இதெல்லாம் நடக்கறது தவளைக்கே தெரியாது. சண்டை நடக்கறது தெரியாதவரைக்கும் நாம என்ன நினைப்போம்? சண்டையே இல்லன்னு நினைப்போம்.

அப்புறம் என்னாச்சு, ஒருநாள் சுருளாண்டி நெளிஞ்சுக்கிட்டு வந்தான். "வடிவக்கா, தெப்பக்குளத்துல ஒரு மாப்பிள்ளை. படித்தொறை முழுக்க அவங்களுதுதான். பவளாயிய நெனச்சேன்."

வடிவுக்குத் தொண்ட ஊதிப்போச்சு. "எங்க புள்ளைக்கு அவ்வளவு பெரிய எடமா தரகரே?"

"எடம் பெருசுதான். ஆனா ஒரு பழக்கம் வெச்சிருக்காங்க. கைப்பிடி சடங்குல மாப்பிள்ளை பொண்ணு கையப் புடிக்கறப்ப நழுவக் கூடாது. நழுவுனா அபசகுனம்னு திருப்பி அனுப்பிருவாங்க. அதனால பொண்ணத் தேச்சு, பிசினு பொட்டுகூட இல்லாம வெச்சிருங்க. நீங்களும் தேச்சுக்கங்க, சம்மந்தி மொறையில நாலு பேரு கையக் குலுக்குவாங்கள்ல? தயாரானதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஓரமாச் சேத்துல கெடந்த பிசினாயி கேட்டா, "ஏன் தரகரே, மாப்பிள்ளையும் தவளதானே? அவரு கையி மட்டும் சொரசொரன்னா இருக்கும்?"

சுருளாண்டி அசரல. "அத்தை தமாசு பண்றாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

"நாத்தனா, நீதான் கல்யாணம் காட்சி இல்லாம கெடக்க. எம் பொண்ணையும் அப்படியே போடப் பாக்கறியா?"ன்னா வடிவு. பிசினாயி வாய மூடிக்கிட்டா. அவ வாய மூடறதெல்லாம் நடக்கவே நடக்காத காரியம், சுருக்குன்னு தச்சிருச்சு போல.

வடிவு மொத தடவ செங்கப்பொடி போட்டுத் தேச்சா. "எம்மா, எரியுதும்மா." "பொறுத்துக்கடி, படித்தொறை வீடு." ரெண்டாந் தடவ சூளச் சாம்பலப் போட்டுத் தேச்சா. "எம்மா, ரொம்ப எரியுதும்மா." "பொறுத்துக்கடி, படித்தொறை வீடு." மூணாந் தடவ பூந்திக்கொட்ட நொரயப் போட்டுத் தேச்சா. இப்ப பவளாயி எம்மான்னுகூடச் சொல்லல, பல்லு இல்லாத வாயக் கடிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறம் வடிவும் தேச்சுக்கிட்டா, குட்டையில உள்ள அத்தனை பேரும் தேச்சுக்கிட்டாங்க, பிசினாயி ஒருத்தி பாக்கி.

செங்கப்பொடி கீறுனதுல பவளாயி தொடையில சின்னதா ஒரு செராய்ப்பு. சின்னதுதான், உன் முட்டியில இருக்கே, அதவிடச் சின்னது. ஆனா வாசல்ல காவக்காரன் ஒருத்தன்கூட இல்லியே. சேத்துல காத்துக் கெடந்த கிருமியெல்லாம் செராய்ப்புல ஏறி உக்காந்துக்கிச்சு, வெள்ளவெள்ளயாப் பூத்துச்சு, பொண்ணு தீனி எடுக்கல, கூப்பிட்டா திரும்பல. கரையில ஒரு கல்லுக்கு அடியில பொந்துக்குள்ள படுக்க வெச்சுட்டு, வடிவு பச்சலயக் கட்டுனா, ஒண்ணும் ஆவல. நல்ல தண்ணி ஊத்துனா, ஒண்ணும் ஆவல. சாமிக்கு வேண்டுனா, சாமி யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு.

பிசினாயி வந்து எட்டிப் பாத்தா. "வடிவு, நம்ம கூட்டத்துல இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் புண்ணு இப்படிப் பூத்திருக்கா?"

"இல்ல."

"நாம புண்ணே படாதவங்களா?"

வடிவு பொண்ணோட ஒடம்பத் தொட்டுப் பாத்தா, காஞ்ச தோலு. தன் ஒடம்பத் தொட்டுப் பாத்தா, அதுவும் காஞ்ச தோலு. "நாத்தனா, எங்கிட்ட ஒரு சொட்டு இல்லியே"ன்னு ஓன்னு அழுதா.

"எங்கிட்ட இருக்கு, தள்ளு"ன்னு பிசினாயி பவளாயி மேல ஏறிப் படுத்தா. வயித்த வெச்சுத் தேச்சா, முதுக வெச்சுத் தேச்சா, அப்புறம் புண்ணு மேல அப்படியே அணைச்சுக்கிட்டுக் கெடந்தா. எழுந்தா காஞ்சு போயிரும், அதனால எழவே இல்ல, பூச்சி புடிக்கக்கூடப் போகல. வடிவுதான் பூச்சி புடிச்சாந்து ஊட்டுனா. ஆயுசுல மொத தடவ நாத்தனாளுக்கு ஊட்டுனா. புண்ணு அழிஞ்சிரல, ஆனா பரவுறது நின்னுச்சு.

அந்த நேரம் பாத்து வாசல்ல கொரலு. "வடிவக்கா, கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

வடிவு வெளிய போனா. "தரகரே, புள்ளைக்கு மேலுக்கு முடியல. கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாமா?"

"அதெல்லாம் பரவால்லக்கா. முடியாட்டி நான் தூக்கிட்டுப் போறேன்."

வடிவு உள்ள வந்தா. "நாத்தனா, நோயாளிப் பொண்ணக்கூட வேணுங்கறாரு, எவ்வளவு நல்ல மனசு."

பிசினாயிக்குச் சிரிப்பு வந்துச்சு. "எந்த மாப்பிள்ளை வீட்டுலடி சீக்குப் பொண்ண ஓடிவந்து கேட்டாங்க? சரி, நான் சொல்றது தப்புன்னே வெச்சுக்க. அவர உள்ளார வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு. நல்லவரா இருந்தா முதுகக் காட்டி ஏறிக்கச் சொல்லுவாரு. நீ மட்டும் ஓரமா நில்லு."

வடிவு வெளிய போயிச் சொன்னா, "நீங்களே உள்ள வந்து கூட்டிட்டுப் போங்க தரகரே."

அவ சொல்லி முடிக்கல, சுருளாண்டி தலைய நுழைச்சுட்டான். உள்ள இருட்டு. காஞ்ச தவள, தேச்ச தவளன்னு எத்தன வருஷத்துப் பசி! முதுகக் காட்டவே இல்ல. மேல கெடந்ததக் கவ்வுனான். மேல கெடந்தது யாரு? சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க!

பிசினாயிதான்! பிசினு வாயெல்லாம் அப்பிக்கிச்சு, தாடை ரெண்டும் ஆன்னு பொளந்துக்கிச்சு. பிசினாயி அவன் நாக்கு மேல உக்காந்துக்கிட்டுக் கேட்டா, "என்ன தரகரே, இன்னைக்கும் தூங்கலியா?"

"ஆ...ஆ..."ன்னான் சுருளாண்டி. வேற என்னத்தச் சொல்ல?

அவ இறங்கி, பழையபடி புண்ணு மேல போயிப் படுத்துக்கிட்டா. அவன் பொளந்த வாயோட வெளிய உருண்டான், தண்ணிக்குள்ள போக வழியில்ல, போனா வயிறு நெறயத் தண்ணி ஏறும். வெயில்ல தலையத் தூக்கிக்கிட்டுக் கரையில கெடந்தான். மேல ஒரு பருந்து சுத்திச்சு, பாத்துச்சு, எறங்குச்சு. இவன் பொண்ணு தேடிக் குடுக்கற தரகர்னெல்லாம் அதுக்குத் தெரியாது, தூக்கிட்டுப் போயிருச்சு.

பவளாயிக்கு மெல்ல மெல்லத் தோலு ஈரமாச்சு, சொந்தப் பிசினு ஊறுச்சு, வெள்ள உதுந்துச்சு. மொத மொத அவ கேட்டது, "அத்தை, எழுந்துரு, கனமா இருக்க."

வடிவு மட்டும் ரொம்ப நாளைக்கு யோசிச்சுக்கிட்டே இருந்தா. "நாத்தனா, இத்தன வருஷமா நல்லவராத்தானே இருந்தாரு?"

"அவன் நல்லவனா இல்லடி. நம்ம மேல இருந்தது அவன நல்லவனா வெச்சிருந்துச்சு. அவனுக்குக் கும்புடு போட்டோம், அதச் சொரண்டி எறிஞ்சோம்."

அவ்வளவுதான் கண்ணுங்களா. நம்மளக் காப்பாத்தறது எதுன்னு தெரிஞ்சுக்காம எதையும் தேச்சு எறியாதீங்க. தவள தண்ணிக்குள்ள போச்சு, பருந்து மானத்துக்குப் போச்சு, கத வந்த வழியே போச்சு, நீங்க போர்வைக்குள்ள போங்க.