முற்றிய காயில் ஒரு கல்யாண விருந்து

உலகம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தபோது நல்லபெருமாளுக்கு வயது ஐம்பத்தொன்பது. உலகம்மைக்கு நாற்பத்து மூன்று. பதினாறு வயது இளையவரை அவர் "அம்மா" என்று கூப்பிட்டார். உலகம்மை அவரை "அண்ணாச்சி" என்றார்.

பழனி மலைச்சரிவில், பஸ் போகிற சாலையை ஒட்டி இருந்தது அந்த ஆசிரமம். தகரக்கூரை போட்ட ஒரு கூடம், சமையல்கட்டு, நாலு அறை, மூன்று மாடுகள், ஒரு தோட்டம். ஏழெட்டுப் பேர் தங்கியிருந்தார்கள்.

நல்லபெருமாள் மதுரை ஓட்டல்களில் முப்பத்தைந்து வருடம் சரக்கு மாஸ்டராக இருந்தவர். சாம்பாரிலிருந்து அல்வா வரை அவர் கைதான். கொதிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தால் ஆவியை முகர்ந்தே உப்பு சொல்லிவிடுவார். ஒரு காய்ச்சலில் அந்த மூக்கு போயிற்று. கூடவே நாக்கும் போயிற்று. வெளியே சொல்லாமல் கைப்பழக்கத்தில் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். பந்தியில் இருந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். அன்றைக்கே வேலையை விட்டார். காரணத்தை வீட்டில்கூடச் சொல்லவில்லை. உலகம்மையிடம் மட்டும் சொன்னார்.

உலகம்மை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "தோட்டத்தைப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்றார்.

காய் நறுக்கத் தெரிந்தவருக்குக் காய் வளர்க்கத் தெரியவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டார். வந்தவர் யாரோ கொடுத்துவிட்டுப் போன சுக்கினி விதையை ஒரு பாத்தி முழுக்க ஊன்றினார். பார்ப்பதற்கு வெள்ளரி மாதிரி இருக்கும். வகையில் பூசணிக்குச் சொந்தம். ஒரு சாண் நீளம் வந்ததும் பறித்துவிட வேண்டும். விட்டால் ஒரு வாரத்தில் ஆளை ஏமாற்றிவிட்டு வளர்ந்துவிடும்.

அந்த வருடம் ஒன்பது நாள் விடாத மழை. தோட்டத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. பத்தாம் நாள் வெயில் எட்டிப்பார்த்தபோது நல்லபெருமாள் இறங்கிப் போனார். தக்காளி அழுகியிருந்தது. பீன்ஸ் கொடி சாய்ந்து கிடந்தது. கீரைப் பாத்தியைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. சுக்கினி இலைகளை விலக்கினார். ஒவ்வொன்றும் முழங்கை நீளம், தொடைப் பருமன். எண்ணினார். இருபத்திரண்டு.

கைவண்டியில் ஏற்றி, சாக்கைப் போட்டு மூடித் தள்ளிக்கொண்டு போனார். மாட்டுத்தொழுவத்தருகே உலகம்மை எதிரில் வந்தார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"உரக்குழிக்கும்மா."

"ஏன்?"

"முத்திப்போச்சு. தோல் கட்டையா இருக்கு. விதை கடிபடாது. நடுவுல பஞ்சு. பறிக்க வேண்டிய நாள்ல பறிக்காம விட்டாச்சு. இனிமே எதுக்கும் ஆகாது."

உலகம்மை சாக்கை விலக்கி ஒரு காயை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டல்ல முத்தின காய் வந்தா என்ன செய்வீங்க?"

"காய்க்காரருக்கே திருப்பி அனுப்பிடுவோம்."

"சரி. இங்க காய்க்காரர் யாரு?"

நல்லபெருமாள் வண்டியின் கைப்பிடியை இறக்கி வைத்தார்.

"சமையல்கட்டு வாசல்ல அடுக்கி வைங்க" என்றார் உலகம்மை.

"இதை வச்சு என்னம்மா செய்யறது?"

உலகம்மை பதில் சொல்வதற்குள் சாலையில் ஒரு பஸ் வந்து நின்றது. திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தது. இருவரும் வாசலுக்குப் போனார்கள்.

கல்யாண பஸ். போடிப் பக்கத்திலிருந்து பெண்வீட்டார் நாற்பது பேர், மேலே மாப்பிள்ளை ஊருக்குப் போகிறார்கள். மறுநாள் காலை முகூர்த்தம். ஆனால் அடுத்த வளைவில் மலை சரிந்து ரோட்டை மூடிவிட்டது. கீழேயும் மரம் விழுந்து வழி அடைத்துவிட்டதாக டிரைவர் சொன்னார். பெண்ணின் அப்பா ராசாங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பெண் செண்பகம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். அழுது முடித்த முகம்.

போன் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரோடுதான் இல்லை; மலையைச் சுற்றி ஒற்றையடிப்பாதை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் காலையில் அந்த வழியாக நடந்து வந்துவிடுவார்கள். தாலி இங்கேயே கட்டலாம். ஆனால் விருந்து? ஆக்கிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் வர முடியாது.

"கஞ்சி போதும் தாயி" என்றார் ராசாங்கம். "ஒரே மக. நடக்கறது நடக்கட்டும்."

உலகம்மை சொன்னார்: "கஞ்சி எதுக்கு? அரிசி இருக்கு, பருப்பு இருக்கு, தேங்கா இருக்கு. மோரும் நெய்யும் நம்ம மாட்டுது. சர்க்கரை ஒரு மூட்டை. காயும் இருக்கு. எங்க மாஸ்டர் பந்தி போடுவார்."

ராசாங்கம் நல்லபெருமாளைப் பார்த்துக் கும்பிட்டார். நல்லபெருமாள் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். உலகம்மை பின்னாலேயே வந்தார்.

"என்னம்மா இப்படிச் சொல்லிட்டீங்க?"

"ஆகாதா?"

"காயை விடுங்க, அதை எப்படியாவது வழிக்குக் கொண்டுவரலாம். நான் ஆகாதவன். இந்த வகையில எப்பவாவது ஒரு காய் எட்டிக்காயாட்டம் கசக்கும். அந்த ஒண்ணு விழுந்தா அண்டாவே போச்சு. எனக்கு அது தெரியாதேம்மா. ஒரு பொண்ணோட கல்யாணம். நீங்க பக்கத்துல நின்னு ருசி பாத்துச் சொல்லணும்."

"எனக்கு உப்பு இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டாலும் ஒண்ணு. பழகிப்போச்சு. இதுக்கு நான் ஆகமாட்டேன். வேற ஆள் பாப்போம்."

வாசலில் ஒரு அம்மாள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அத்தை குருவம்மாள். பஸ் புறப்பட்டதிலிருந்து அவர் வாய் ஓயவில்லையாம். ஜன்னல் சரியில்லை, இட்லி சரியில்லை, பூவில் வாசம் இல்லை, மாப்பிள்ளை போட்டோவில் காது சரியில்லை. சொந்தக்காரர்களே இரண்டு சீட் தள்ளித்தான் உட்கார்ந்து வந்தார்கள்.

உலகம்மை அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"அண்ணாச்சி, இவங்ககிட்ட விஷயத்தைச் சொல்லுங்க."

நல்லபெருமாள் பலகையில் இருந்த கத்தியை எடுத்தார், வைத்தார். அடுப்பைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். உலகம்மை நகராமல் நின்றார். கடைசியில் நல்லபெருமாள் சொன்னார்:

"எனக்கு மூக்கும் நாக்கும் செத்துப்போச்சும்மா. எது கசப்பு, எது உப்புன்னு தெரியாது. சமையல் தெரியும். ருசி தெரியாது. எதுல என்ன குறைன்னு நீங்க சொல்லணும்."

குருவம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அதைச் சொல்ல என்னை விட்டா யாரு? மொதல்ல அந்தக் கத்தியைச் சாணை பிடிங்க. மொண்ணையா கெடக்கு."

சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு காய்களிலும் ஒரு கீற்று வெட்டி குருவம்மாள் வாயில் போட்டுப் பார்த்தார். பத்தொன்பதாவது காயைத் துப்பினார். "தூக்கிப் போடுய்யா அதை. வெசம்." மற்றவை தேறின.

தோலைச் சீவும்போதே நல்லபெருமாள் கைக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பிஞ்சுக் காய் கொதியில் கரைந்துவிடும். இந்தச் சதை இரண்டு விரல் கனம், கல் மாதிரி. குழம்பில் நிற்கும். நாவிதன் கத்தி போல அவர் கத்தி ஓட ஆரம்பித்தது. சதையில் பாதி மோர்க்குழம்புக்கும் கூட்டுக்கும். பாதியைத் துருவி, துணியில் கட்டிப் பிழிந்து அல்வாவுக்கு. பிழிந்த தண்ணீர் சாம்பாருக்கு. நடுப் பஞ்சும் அதிலேயே கரையட்டும். தோலை வதக்கித் துவையல். விதையைக் கழுவிக் காயவைக்கப் பார்த்தபோது குருவம்மாள் கேட்டார்: "அதையுமா?"

"முந்திரி இல்லையே. இதை வறுத்து உரிச்சா அல்வா மேல போடலாம்."

வந்த பெண்கள் எல்லாரும் விதை உரிக்க உட்கார்ந்தார்கள். செண்பகமும் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

விடியற்காலையில் அடுப்பு மூட்டினார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் நல்லபெருமாளுக்குக் கேட்டது. தேங்காய் நிறம் மாறுவது தெரிந்தது. மோர்க்குழம்பு நுரை கூடி வரும்போது கை தானாக இறக்கியது. கரண்டியை நீட்டினால் குருவம்மாள் நாக்கில் விட்டுக்கொள்வார்.

"உப்பு பத்தல."

போட்டார்.

"இன்னும்."

அவர் கை தயங்கியது. இரண்டு தடவை உப்பு. குருவம்மாள் அவர் முகத்தைப் பார்த்தார். "போடுய்யா, நான் இருக்கேன்ல."

போட்டார்.

"ஆங். இப்ப நிக்குது."

முப்பத்தைந்து வருடத்தில் அவர் அண்டாவில் வேறொருவர் சொல்லி ஒரு கல் உப்பு விழுந்ததில்லை.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் முழங்கால் வரை சேற்றோடு வந்து சேர்ந்தார்கள். கால் கழுவி, வேட்டி மாற்றி, ஒன்பதரைக்குத் தாலி கட்டியாயிற்று. பந்தி விரித்தார்கள். பரிமாற ஆள் போதவில்லை. உலகம்மை வாளியை எடுத்து நல்லபெருமாள் கையில் கொடுத்தார். அவர் ஒருநாளும் பந்திக்கு வந்தவரில்லை. அடுப்படியோடு சரி. முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார்.

முதல் வாய் எடுத்ததும் பேச்சு நின்றது. அவர் வரிசையாக முகங்களைப் பார்த்தார். ஆனால் யாரும் எழவில்லை. சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு கோடியிலிருந்து, "இங்க மோர்க்குழம்பு" என்றார்கள். இன்னொரு கோடியிலிருந்து, "துவையல் இருக்கா?" அவருக்கு ஓடி முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா மலையில் காய் பயிரிடுகிற சம்சாரி. அல்வாவை வழித்துத் தின்றுவிட்டுக் கேட்டார்: "காசி அல்வா பிரமாதம். இந்த மழையில வெண்பூசணி எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"பூசணி இல்லீங்க. சுக்கினி. முத்தினது."

அவர் நம்பவில்லை. "நாங்க வண்டி வண்டியா வளக்கறோம். முத்தினா மாட்டுக்குப் போட்டுருவோமே."

"கூட்டு, குழம்பு, துவையல், எல்லாம் அதுதாங்க. அல்வா மேல இருக்கறது அதோட விதை."

அவர் தன் இலையைப் பார்த்தார். மடக்கப் போனவர் மறுபடி விரித்தார். "எல்லாத்துலயும் இன்னொரு தடவை வைங்க." பந்தியே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். ராசாங்கம் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றப் போனார். குருவம்மாள், "துவையல்ல புளி ஒரு பொட்டு ஜாஸ்தி" என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னார். அவர் இலையில் துவையல் இருந்த இடம் கழுவினது போல் இருந்தது.

எழுபது பேரும் சாப்பிட்டு முடித்த பின் கடைசியாக உலகம்மையும் நல்லபெருமாளும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். நல்லபெருமாள் மோர்க்குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். சூடு தெரிந்தது. காய் பல்லில் பதமாக உடைவது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. எதிரே கூடத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டும் பெண்வீட்டுப் பாட்டும் போட்டிக்கு நடந்துகொண்டிருந்தன.

"முப்பத்தஞ்சு வருஷம் சமைச்சேம்மா" என்றார். "ஜனங்க சாப்பிடுறதை நின்னு பாத்ததே இல்ல. என் நாக்கு சரின்னு சொன்னா அதோட முடிஞ்சுது."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு ஒவ்வொரு மொகமா பாத்தேன்."

உலகம்மை சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "உப்பு சரியா இருந்துச்சா அண்ணாச்சி?"

நல்லபெருமாள் கூடத்தைப் பார்த்தார்.

"சரியா இருந்துச்சும்மா."

உலகம்மை இலையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப எனக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க."