சிப்பாய் எப்படி வெட்டுவான்?

மழைக்காலம் தொடங்க எட்டு நாள்தான் இருந்தது. தாமரைக் குளத்தின் கரையில் வெள்ளம் ஏறாத மேடு ஒன்றே ஒன்று. அதில் வளை தோண்டி, நான்கு குட்டிகளோடு வசித்தது ஒரு முயல்.

"இந்த மேடு எனக்கு வேண்டும்!" என்றது நரி.

"குட்டிகளோடு நான் எங்கே போவேன், நரியண்ணே?"

வழக்கு கரடியிடம் போனது. அந்தக் காட்டில் சண்டைக்குத் தடை. எந்த வழக்கையும் சதுரங்கம் ஆடித்தான் தீர்க்க வேண்டும். இருவருக்கும் ஆடத் தெரியாது.

"மைனாவிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் ஆட்டம்!" என்றது கரடி. மைனா முன்பு ஊரில், சதுரங்க வகுப்பு நடந்த வீட்டு ஜன்னலில் கூடு கட்டியிருந்தது.

மைனா மணலில் கட்டம் கீறி, பெரிதும் சிறிதுமாகக் கூழாங்கற்களை வைத்தது.

"யானை நேராகவும் பக்கவாட்டிலும் போகும். மந்திரி மூலைவாட்டில் மட்டும். குதிரை இரண்டு கட்டம் தாவி, பக்கத்தில் ஒரு கட்டம் திரும்பும். ராணி எந்தப் பக்கமும் எவ்வளவு தூரமும் போவாள்!"

"ராஜா?"

"எந்தப் பக்கமும் ஒரே ஒரு கட்டம்."

"பாவம், தொப்பை பெரிது போல!" என்றது நரி.

அடுத்து மைனா, "சிப்பாய் நேராக ஒரு கட்டம்..." என்று தொடங்கியது.

"புரிந்தது, புரிந்தது! இந்தப் பொடியனுக்கெல்லாம் ஒரு பாடமா? நண்டு கரையேறும் நேரம், நான் வருகிறேன்!" நரி ஓடிவிட்டது.

முயல் நகரவில்லை. "மைனாக்கா, சிப்பாய்க்கு நேர் எதிரே ஆள் நின்றால்?"

"அப்படியே நிற்க வேண்டியதுதான். ஆனால் வெட்டும்போது மட்டும் முன்னால் மூலைவாட்டில் ஒரு கட்டம் பாய்வான்!"

முயல் அதை மணலில் முப்பது முறை ஆடிப் பார்த்தது.

ஏழாம் நாள் காடே கூடியது. நரியின் ராணி இரண்டு சிப்பாய்களையும் ஒரு யானையையும் வெட்டித் தள்ளினாள். முயலின் காதுகள் துவண்டன.

"மூட்டை கட்டு, முயலம்மா!" என்று சிரித்த நரி, முயலின் சிப்பாய்க்கு முன்னால், மூலைவாட்டில் அடுத்த கட்டத்திலேயே ராணியை நகர்த்தி வைத்தது.

முயல் இரண்டு முறை உற்றுப் பார்த்தது. பிறகு அந்தச் சிப்பாயால் ராணியை வெட்டியது!

"அநியாயம்! நேராகப் போகிறவன் எப்படிக் குறுக்கே வருவான்?"

"நடப்பது நேராக, வெட்டுவது மூலைவாட்டில். அன்றைக்கே சொன்னேன், கேட்கத்தான் நீங்கள் இல்லை!" என்றது மைனா.

காடே சிரித்தது. ராணி போன பிறகு நரிக்குக் கை ஓடவில்லை. ஆறே நகர்த்தலில் அதன் ராஜா போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்.

"மேடு முயலுக்கே!" என்றது கரடி.

சிறியவர்தானே என்று ஒருவரைத் தெரிந்துகொள்ளாமல் விடுபவர், அந்தச் சிறியவரிடமே தோற்றுப்போவார்.